வெட்டாத ஹோஸ்

இல்லக்கா, அதக் கீழ வைங்க. கைக்கு அடக்கமா பேனா மாதிரி இருக்குன்னு எல்லாரும் முதல்ல அதத்தான் எடுப்பாங்க. அது எண்ணெய்க்கு. உங்க ஆளுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது காஞ்ச கஞ்சாப் பூன்னு இப்பதான சொன்னீங்க. பூவ எரிக்காம ஆவியாக்கி இழுக்கற வேப்பரைசர் வேற. இந்தப் பக்கம் வாங்க. நல்ல சாமானெல்லாம் செவத்துல அந்தக் கோட்டுக்கு மேலதான் வெச்சிருப்போம். வெள்ளம் வந்தப்ப தண்ணி நின்ன கோடு.

நாயா? கத்தட்டும், விடுங்க. கயித்த நீளமா விட்டு கட்டிட்டீங்க, அதான் கதவப் பிறாண்டுது. பிறாண்டட்டும். கதவு என்னோடது இல்ல. இந்த பேட்ஜ்ல இருக்கற பேரும் என்னோடது இல்ல. லொரெய்ன்ங்கறது கடைக்காரம்மா. எனக்குன்னு ஒண்ணு அடிச்சுத் தர்றேன்னு எட்டு மாசமா சொல்லிக்கிட்டே இருக்காங்க.

பத்தொம்பது ஆகுது, பயப்படாதீங்க. பதினொண்ணாவதோட ஸ்கூல விட்டுட்டேன். இல்ல, நான் இழுக்கறதில்ல. ஒரு தடவகூட இழுத்ததில்ல. ஒரு வீட்டுல ஒருத்தர் இருமினா போதாதா. ஆனா இந்தக் கடைல இருக்கற எந்த மிஷினக் கொடுத்தாலும் கண்ண மூடிக்கிட்டு கழட்டி மாட்டுவேன். செருப்பு தைக்கறவன் எல்லா செருப்பையும் போட்டுப் பாத்துதான் தைக்கணுமா என்ன.

சரி, இப்ப அவர் எதுல இழுக்கறார்? இருங்க, நீங்க சொல்ல வேணாம். ஆரஞ்சு ஜூஸ் பாட்டில். பக்கத்துல ஓட்டை போட்டு, தோட்டத்துக்குத் தண்ணி விடற ஹோஸ்ல ஒரு சாண் வெட்டி சொருகியிருப்பார். சரியா? ஜோசியமெல்லாம் இல்லக்கா. இந்தப் பக்கத்து ஆம்பளைங்க முக்காவாசி பேர் கத அதான். இங்க கண்ணாடில அழகழகா பாங், தண்ணி வழியா பொக இழுக்கற குடுவை, தொங்குது பாருங்க, தூசி தொடைக்கத்தான் நான் அதத் தொடறேன். ஹோஸ் வெட்டினாத்தான் அவங்களுக்கு ருசி.

எங்க வீட்டுலயும் அதேதான். நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப எங்க ஹோஸ் குழாயிலேர்ந்து கெளம்பி தக்காளிப் பாத்தியத் தாண்டி குதிரைத் தொட்டி வரைக்கும் போகும். எனக்கு எட்டு வயசாகறப்ப தக்காளியோட நின்னுடுச்சு. பதினாலுல வாசப்படியத் தாண்டல. பழசு நாறுது பழசு நாறுதுன்னு எங்கப்பா புதுசா ஒரு சாண் வெட்டிக்கிட்டே இருப்பார். மத்த வீட்டுல புள்ளைங்க வளர்றத செவத்துல கோடு போட்டு வெப்பாங்க. எங்க வீட்டுல ஹோஸ் குறைஞ்சத வெச்சுத்தான் சொல்லணும். குதிரைக்கு நான்தான் வாளில தூக்குவேன்.

சிரிங்க, பரவால்ல. எனக்கே சிரிப்பு வருது.

என்னது, உங்க வீட்டுல வெட்டலையா? புதுசா வாங்கிப் போட்டாரா. முப்பது மீட்டரா. பித்தள முனை வேறயா. தக்காளிக்கா? ரோஜாவுக்கு. ரோஜாவுக்குத் தண்ணி விட்டுட்டு, சுத்தி ஆணில மாட்டி வெச்சிடுவாரா. ம். அப்ப பாட்டிலுக்கு? பழைய வீட்டு ஹோஸ்ல மிச்சம் இருந்தத எடுத்துட்டு வந்திருக்காரா. அது சரி. அந்தத் துண்டெல்லாம் இன்னும் கொஞ்ச நாள் வரும்.

இல்ல, ஒண்ணும் இல்ல. இந்த டிராயர் இறுகிக்கும். இழுத்துத்தான் தெறக்கணும்.

எத்தன வருஷமா இழுக்கறார்? முப்பதா. விடணும்னு எப்பலேர்ந்து சொல்றார்? ஓ, அவர் சொல்லல, நீங்க சொன்னீங்க. எத்தன தடவ?

ஒரு தடவயா. ஒரே ஒரு தடவ.

எதுக்குச் சொன்னீங்க, நாத்தம் புடிக்கலையா? உங்களுக்கு மூச்சிழுப்பு இருக்கா. எனக்கும் இருந்துச்சு, எட்டு வயசுல. நீலக் கலர் பம்ப் ஒண்ண கயித்துல கோத்து கழுத்துல மாட்டிக்கிட்டு ஸ்கூல் பஸ் ஏறுவேன். எனக்காக எங்கப்பா பண்ணின தியாகத்தக் கேளுங்க. உள்ள ஒக்காந்து இழுத்தவர் வராண்டாவுக்குப் போனார். அதுவும் மழை இல்லாத நாள்ல. நான் சொல்லாத சொல்லு கிடையாது. கெஞ்சியிருக்கேன், சண்ட போட்டிருக்கேன், பாட்டில குதிரைச் சாணத்துல பொதச்சிருக்கேன். தலைகீழா நின்னு தண்ணி குடிச்சிருக்கேன்னு வெச்சுக்குங்க. அசையல. நீங்க ஒரு தடவ வாயத் தெறந்ததும் உங்காளு வீடியோல டாக்டரப் பாத்து, சீட்டு வாங்கி, போய் மிஷின் வாங்கிட்டு வாம்மான்னு அனுப்பிட்டார். கொடுத்து வெச்சவங்க நீங்க.

மூஞ்சி ஏன் இப்படி இருக்குன்னு பாக்கறீங்களா. வயித்தெரிச்சல்தான். எனக்கு மறைக்கத் தெரியாது. யாரா இருந்தாலும் எரியும்.

சரி, மிஷினப் பாப்போம். இதப் பாருங்க, மேசைல வெச்சு ஓட்டறது. மேல பை மாட்டினா பலூன் மாதிரி ஆவி ரொம்பும். பையக் கழட்டி மடில வெச்சுக்கிட்டு நிதானமா இழுக்கலாம். கடைல இருக்கறதுலயே பெருசு. விலையும் பெருசு. உங்களுக்கு இதுதான் சரின்னு தோணுது. பாக் பண்ணிடவா?

யோசிக்கறீங்களா, யோசிங்க. ஆனா இதுக்கு கரண்ட் வேணும். அவர் இருக்கறது எப்படி, மேட்டுப் பக்கமா? அங்கெல்லாம் சோலார்ல ஃபிரிட்ஜ் ஓடினாலே பெருசு. ஓ, இப்ப உங்க வீட்டுல இருக்காரா. கியோகல் டவுன்ல. மேட்டு வீடு பூட்டிக் கெடக்கா. எப்பலேர்ந்து?

ஆறு மாசம். அப்ப ரெண்டே மாசத்துல. இல்ல, வேற என்னமோ கணக்கு. நீங்க பாருங்க.

குடும்பம் கிடும்பம் இருக்கா அவருக்கு? சும்மாதான் கேக்கறேன், வீட்டுல வேற யாராவது இருந்தா வேற மாதிரி சொல்லணும். ஒரே பொண்ணா. பிரிஸ்பேன்ல இருக்காளா. அவரே சொன்னாரா. பிரிஸ்பேன் நல்ல ஊர்தான். அவளப் பத்திப் பேசுவாரா? பேச மாட்டாரா. சரி. எல்லாருமா பேசறாங்க.

நாய் இன்னும் அடங்கல பாருங்க. தெரியாதவங்ககிட்ட இப்படிப் பண்ணாதா? அப்ப வேற என்னமோ கோவம் அதுக்கு.

உண்மையச் சொல்லணும்னா, மிஷின் வாங்கறது கஷ்டமே இல்லக்கா. நாலு நாளத் தாண்டறதுதான் கஷ்டம். நான் எங்கப்பாவுக்கு ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். மாவுக்குள்ள கறி அடைச்சு சுடுவாங்களே பை, அந்தப் பை கடைல வேலைக்குச் சேந்த முதல் மாசம். விடியறதுக்கு முன்னாடி போய் கறி பை அடுக்கணும், எத்தன தடவ தேச்சுக் குளிச்சாலும் முடியில கறி வாசன போகாது. சம்பளம் வந்ததும் நேரா இந்தக் கடைக்குத்தான் வந்தேன். இதோ நீங்க நிக்கற எடத்துலதான் நின்னேன். லொரெய்ன் ஆறேழு மிஷினக் காட்டினாங்க, எனக்கு ஒரு எழவும் புரியல. கைக்கு அடக்கமா ஒரு கருப்பு மிஷின். ஒரே பட்டன். பொருள உள்ள அடைச்சு பட்டன அமுக்கினா ஒரு நிமிஷத்துல சூடாகும். எரியாது, ஆவி மட்டும் வரும். அத வாங்கினேன்.

முதல் நாள் அவர் அத ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு கோழிக்குஞ்சு வெச்சிருக்கற மாதிரி ஒக்காந்திருந்தார். எனக்கு அப்ப இருந்த சந்தோஷத்துக்கு நான் போய் குதிரைகிட்டச் சொன்னேன். ரெண்டாம் நாள், ஒண்ணும் வர மாட்டேங்குதே, இது காத்துன்னார். மூணாம் நாள் கோழியத் திட்டினார், அடுப்பத் திட்டினார், வேலிக் கம்பியத் திட்டினார். நாலாம் நாள் சாயங்காலம் நான் பை கடையிலேர்ந்து வந்து எறங்கறேன், வராண்டாவுல அந்தச் சத்தம். பாட்டில்ல தண்ணி கொப்புளிக்கும்ல, அது. புதுசா ஒரு சாண் வெட்டியிருந்தார். குழாய்ல ஹோஸே இல்ல, மூக்கு மாதிரி கொஞ்சம் நீட்டிக்கிட்டிருந்துச்சு.

கத்திட்டேன். ஒரு மிஷின ஒழுங்கா இழுக்கத் துப்பில்லாத மனுஷன்னு சொன்னேன். ஸ்கூல ஒழுங்கா முடிக்கத் துப்பில்லாதவ பேசறா பாருன்னார். துணிப் பைய எடுத்துக்கிட்டு வந்துட்டேன். இந்தக் கடைல ஆள் வேணும்னு கண்ணாடில ஒட்டியிருந்துச்சு. எங்க தப்பு நடந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும், அதான் சேந்தேன். எட்டு மாசமா ஒவ்வொரு மிஷினோட புஸ்தகத்தையும் வரி விடாம படிச்சிருக்கேன். ஸ்கூல்ல இதுல பாதி படிச்சிருந்தா இந்நேரம் நர்ஸ் ஆகியிருப்பேன். எல்லாம் அவருக்குன்னு கத்துக்கிட்டேன், இப்ப ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கேன்.

ஏன் நாலு நாள்ல விட்டாரா? அது ஆளுக்கு ஆள் மாறும்க்கா. பொதுவா சொல்ல முடியாது.

எது, அதுவா? அது பேட்டரியே இல்லாதது. குழாய் மாதிரி இருக்கு பாருங்க, நுனில லைட்டர் காட்டி சுத்தணும். சூடானதும் மூடி டிக்குன்னு சத்தம் போடும், அப்ப இழுக்கணும். பாட்டில்காரங்களுக்கு நெருப்பு காட்டற பழக்கம் விடாதுல்ல, அதனால சில பேருக்கு இது ரொம்பப் புடிக்கும். ஆனா உங்களுக்கு வேணாம். வெச்சிடுங்க. நுனி பழுத்துக் கெடக்கும், தொட்டா தோல் வந்துடும். அவருக்கு வலது கட்டவிரல்ல சூடு தெரியாதுல்ல, வெந்து போனாலும் தெரியாது.

நீங்க சொல்லலையா? சொன்னீங்கக்கா. வந்ததும் சொன்னீங்க. வேற யாராவது சொல்லியிருப்பாங்க. காலையிலேர்ந்து எத்தன பேர்கிட்டப் பேசறேன்.

என்ன? இன்னொரு தடவ சொல்லுங்க.

ஏற்கனவே ஒண்ணு இருக்கா. எங்க? டூல்ஸ் பெட்டில, துணில சுத்தி. கருப்பா, ஒரே பட்டன் வெச்சதா? பக்கவாட்டுல கீறல் இருக்குமே, கோழிக் கூண்டு மேலேர்ந்து விழுந்தது. மேட்டு வீட்டுலேர்ந்து என்னென்ன எடுத்துட்டு வந்தார்? நாய், துணிமணி, டூல்ஸ் பெட்டி. அவ்வளவுதானா. தூக்கிப் போட்டுடவான்னு நீங்க கேட்டதுக்கு என்ன சொன்னார்?

தொடாதன்னாரா.

சரி. கொஞ்சம் இருங்க.

நாய உள்ள விடுங்க. கதவத் தெறந்து விட்டாப் போதும், அதுவே வரும். அது பேர் ஸ்ப்ராக்கெட். நான் வெச்ச பேரு. நீங்க வண்டிய விட்டு எறங்கி அதக் கட்டினப்பவே எனக்குத் தெரியும். நான்தான் டெகன். பிரிஸ்பேன்ல இருக்கற பொண்ணு. அங்க இருக்கற அம்மாகிட்டப் போறேன்னு கத்திட்டு வந்தேன், பஸ் காசுக்கு இந்த லிஸ்மோர் வரைக்கும்தான் வர முடிஞ்சுது. நாப்பது நிமிஷ தூரம். அவர் வந்து தேடல, நானும் போகல.

அழாதீங்க, எனக்கு அதெல்லாம் ஆகாது. ஏய், எறங்குடா. நக்காத. போதும்.

இந்தப் பெரிய பெட்டிய எடுத்து உள்ள வெச்சிடறேன். இத வேணும்னேதான் காட்டினேன். பைய நிரப்பி, வால்வு மாட்டி, அவருக்கு அவ்வளவு பொறும கெடயாது. ரெண்டாம் நாளே ஜன்னல் வழியா பறந்திருக்கும். உங்களுக்கு மிஷினே வேணாம். அவர் வெச்சிருக்கறதே சரியான மிஷின். நான் ஒண்ணும் தெரியாம வாங்கினேன், ஆனா சரியாத்தான் வாங்கியிருக்கேன். இழுக்கற விதம்தான் தப்பு.

சொல்றேன், மனசுல வாங்கிக்குங்க. பாட்டில்ல ஒரே மூச்சுல மொத்தத்தையும் இழுத்து உள்ள அடக்கி வெப்பாங்க. முப்பது வருஷப் பழக்கம். இதுல அப்படி இழுத்தா வெறும் காத்துதான் வரும், அதான் அவர் காத்துன்னார். சூடான டீய உறிஞ்சற மாதிரி உறிஞ்சணும், மெதுவா, மனசுக்குள்ள பத்து எண்ணி. அடக்க வேணாம், விட்டுடலாம். அதே பட்டன அமுக்கி வெச்சா சூடு மாறும், நூத்தி எம்பத்தஞ்சு டிகிரில ஆரம்பிக்கட்டும், கடைசில எரநூறு. அதுக்கு மேல ஏத்தினா தொண்டை காஞ்சு மறுபடி இருமுவார். பொக வெள்ளையா வரலையேன்னு பொலம்புவார், வரவே வராது, அதான் நமக்கு வேணும். ஒரு தடவ இழுத்துட்டு கால் மணி நேரம் சும்மா ஒக்காரச் சொல்லுங்க. வேல எதுவும் கொடுக்காதீங்க. பழக்கதோஷத்துல பூவ கிண்ணத்துல போட்டு கத்திரியால மாவு மாதிரி வெட்டுவார். இந்தச் சின்ன கிரைண்டர எடுத்துட்டுப் போங்க, பூவ உள்ள போட்டு கையால ரெண்டே சுத்து. இழுத்து முடிச்சது பழுப்பா வெளிய வரும், அத ஸ்ப்ராக்கெட்டுக்கு எட்டாத எடத்துல வைங்க. ஒரு தடவ தின்னுட்டு ரெண்டு நாள் கால் பின்னிக்கிட்டுத் திரிஞ்சான்.

இனிமே சொல்லப்போறதுதான் விஷயம். கிண்ணத்துல கஞ்சாவோட எத கலந்து வெட்டுவார்? பாத்திருப்பீங்கல்ல. புகையில. பாதிக்குப் பாதி. இங்க எல்லாரும் அப்படித்தான், முப்பது வருஷமா கலந்து அடிச்சவனுக்கு தான் சிகரெட் புடிக்கறவன்னே தெரியாது. கேட்டா நான் சிகரெட்ட தொட்டதே இல்லம்பார். வேப்பரைசர்ல புகையில போட முடியாது. அப்ப மூணாம் நாள் ஒடம்பு புகையிலக்குத்தான் அலையும். அவர் அது தெரியாம மிஷின் சரியில்லம்பார், கோழியத் திட்டுவார், உங்களத் திட்டுவார், நாலாம் நாள் பாட்டிலத் தேடுவார். எனக்கும் அன்னிக்குத் தெரியாது. மிஷின் மேல தப்பில்ல, அவர் மேலயும் அவ்வளவா தப்பில்ல. மெயின் ரோட்டு மருந்துக் கடைல நிகோட்டின் பட்டை இருக்கும், தோள்ல ஒட்டறது. எவ்வளவு பலத்துல வேணும்னு அவங்ககிட்டயே கேளுங்க. முதல் நாள் காலைலயே ஒட்டிடணும். மூணாம் நாள் ஒட்டினா பிரயோஜனம் இல்ல, அதுக்குள்ள சண்ட வந்திருக்கும்.

இத மட்டும் சொல்லாம உங்கள அனுப்பிடலாம்னு இருந்தேன். சத்தியமா. பெட்டிய வித்துட்டு, சிரிச்சுக்கிட்டே பைல போட்டுக் கொடுத்து. உங்களுக்காகவும் அவர் தாக்குப்பிடிச்சது நாலே நாள்தான்னு ஆகியிருக்கும். நானும் நீங்களும் சமம். அது மட்டும் நடந்தாப் போதும்னு இருந்துச்சு எனக்கு, நீங்க அந்தத் துணியப் பத்திச் சொல்ற வரைக்கும்.

கிரைண்டருக்கு மட்டும் கொடுங்க போதும். சித்தின்னெல்லாம் கூப்பிடுவேன்னு எதிர்பாக்காதீங்க, வராது. உங்க மேல எரிச்சல் இன்னும் போகல. அந்த ரோஜாவ நெனச்சா இன்னும் எரியுது. வாளில தூக்கினவ நானு.

பட்டை ஒட்டின நாள்லேர்ந்து எண்ணுங்க. குழாய்கிட்டப் போய் அந்தப் புது ஹோஸையும் தெனம் ஒரு பார்வ பாத்துக்குங்க. ஒரு சாண் குறைஞ்சாலும் எனக்கு ஃபோன் பண்ணுங்க, நம்பர் பில்லுல இருக்கு. குறையலன்னா ஃபோன் வேணாம். அஞ்சாம் நாள் அவரையே அனுப்புங்க. பிரிஸ்பேன் வரைக்கும் வண்டி ஓட்ட வேணாம்னு சொல்லிடுங்க.